ஈப்போவில் தேர்ந்தெடுத்த பனிக்கால டயர்கள்

பனி விழுந்து நான் பார்த்ததில்லை. தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் விடியற்காலையில் மலையடிவாரத்தில் வெள்ளையாகப் படர்ந்து நிற்குமே, அதைத்தான் நாம் பனி என்கிறோம். வைப்பரை இரண்டு தடவை ஓட விட்டால் போய்விடும். சாலையில் இறுகிக் கண்ணாடியாகக் கிடக்கும் பனி வேறு. அப்படிப்பட்ட சாலையில் ஓடும் ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர் தேர்ந்தெடுக்கும் வேலை, நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, மலேசியாவின் ஈப்போவில் இருந்த என்னிடம் வந்து சேர்ந்தது.

கவுண்டரில் புதிதாக உட்காரப் போகும் உங்களுக்கு எதைச் சொல்லலாம் என்று யோசித்தபோது அதுதான் முதலில் நினைவுக்கு வந்தது. டயர் கழற்றுவது, மாட்டுவது, பேலன்ஸ் பார்ப்பது எல்லாம் பட்டறையில் கற்றுக்கொள்வீர்கள். ஒருவர் உங்கள் முகத்தைப் பார்த்து, “எது நல்ல டயர்? நீயே சொல்லு” என்று கேட்கும்போது என்ன செய்வது என்பதை நீங்களேதான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

கேட்டவர் ஹமீது பாய். கடைத்தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். அவருடைய வேன் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்தே எங்களிடம்தான் டயர் மாற்றும். டயர் கடை கவுண்டரில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தால், வருகிறவர்கள் அவளைத் தாண்டி உள்ளே வேறு யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்ப்பார்கள். ஆரம்ப வருடங்களில் எனக்கு அது பழகிப்போன விஷயம். ஹமீது பாய் மட்டும் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. முதல் நாளே என்னிடம் கேள்வி கேட்டார், என் பதிலைக் கேட்டுக்கொண்டார். அதனாலேயே அவருக்குத் தப்பான பதில் சொல்லிவிடக் கூடாது என்று எனக்குள் எப்போதும் ஒரு பயம் உண்டு.

அன்று மத்தியானம் நல்ல மழை. குடையை வாசலில் சாய்த்துவிட்டு நேராக என் மேசைக்கு வந்து கைப்பேசியை நீட்டினார். அவருக்கு ஒரே மகள், நஸ்ரின். ஸ்காட்லாந்தின் வடக்கே ஒரு சிற்றூரில், முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை. போய் ஒரு வருடம் ஆகவில்லை. கோடையில் அங்கே ஒரு பழைய காரை வாங்கியிருந்தாள். இரண்டே இருக்கை, தாழ்ந்த உடம்பு, சிவப்பு நிறம், பின்சக்கரங்களால் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார். மகள் சொந்தக் காசில் கார் வாங்கிவிட்டாள் என்று பாய்க்குப் பெருமைதான். நான்கு பேர் உட்கார முடியாத காரை எதற்கு வாங்கினாள் என்று கோபமும் இருந்தது.

அங்கே முதல் பனி அந்த வாரமே விழலாம் என்று செய்தியில் சொல்லியிருக்கிறார்கள். நஸ்ரினுக்கு எதைச் செய்வதென்று தெரியவில்லை. காரில் இருக்கும் அகலமான கோடைக்கால டயர்களே போதும் என்று ஒருத்தி சொல்லியிருக்கிறாள். பின்சக்கரம்தானே வண்டியை ஓட்டுகிறது, பின்னால் மட்டும் இரண்டு பனிக்கால டயர் போட்டால் சரி என்று இன்னொருவர். மூன்றாவதாகப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், தன்னிடம் இருந்த பழைய பனிக்கால டயர்கள் நான்கையும் அவள் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார். பிடித்திருந்தால் அன்று சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாராம்.

“மூணுல எதுன்னு நீ சொல்லு ஈஸ்வரி,” என்றார். “நீ சொன்னா நான் கண்ண மூடிக்கிட்டு சரின்னுடுவேன்.”

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது, நம் வாய் தானாகப் பேச ஆரம்பித்துவிடும். எனக்கும் வாய் வரை வந்தது. அந்தப் பெயர் டயர் நல்லது, இந்த நாட்டு டயர் உழைக்கும் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். அவரும் நிம்மதியாகப் போயிருப்பார்.

எனக்குப் பனிச்சாலை தெரியாது என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. “இத்தன வருஷமா டயர் விக்கிற. தெரியாதுன்னு சொல்றியே லா.”

“மழை ரோடு தெரியும் பாய். வெயில் தெரியும். கேமரன் மலையில காய்கறி லோரி எறங்குற ரோடு தெரியும். பனி தெரியாது. தெரியாதத சொல்லி நஸ்ரின ரோட்டுல விட முடியாது. ஆனா என்ன கேக்கணும்னு எனக்குத் தெரியும். அவளக் கூப்பிடுங்க.”

அங்கே அப்போதுதான் காலை. அன்று அவளுக்கு ஓய்வு நாள். வீடியோ அழைப்பில் தடித்த கோட்டும் கம்பளித் தொப்பியுமாக வந்து நின்றாள். பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது. சின்ன வயதில் எங்கள் கடைக்கு வந்தால் அடுக்கி வைத்த டயர்களுக்குள் இறங்கி ஒளிந்துகொள்ளும் பிள்ளை. என்னை அடையாளம் கண்டதும், “ஆன்ட்டி, இன்னும் அதே மேசையா?” என்று சிரித்தாள்.

நான் டயரைப் பற்றிப் பேசவில்லை. முதலில் சாலையைப் பற்றித்தான் கேட்டேன். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழி எப்படி, ஏற்றமா இறக்கமா, எந்த நேரத்தில் போகிறாள் என்று. வீட்டை விட்டதும் ஒரு சரிவு, சரிவின் முடிவில் ஒரு வளைவு, அதைத் தாண்டி ஆற்றுப் பாலம் என்றாள். விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும். இரவு மழை பெய்தால் காலையில் அது சாலையிலேயே உறைந்து கிடக்குமாம்.

முதல் யோசனை அதிலேயே அடிபட்டுப் போனது. கோடைக்கால ஸ்போர்ட்ஸ் டயர் சூட்டில் சாலையைப் பிடிப்பதற்கென்று செய்த ரப்பர். குளிரில் இறுகிவிடும். இதன் மறுபக்கத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஜப்பானிலிருந்து இறக்கிய பழைய கார் ஒன்று ஒரு தடவை எங்கள் கடைக்கு வந்தது. அதில் மாட்டியிருந்தது பனிக்கால டயர். வாங்கியவருக்கு அது தெரியாது, பள்ளம் பள்ளமாக இருந்ததால் நல்ல டயர் என்று நினைத்துக்கொண்டார். ஈப்போ வெயிலில் அந்த ரப்பர் அழிரப்பர் மாதிரி இளகி, சில மாதத்திலேயே ஓரமெல்லாம் தேய்ந்து போயிருந்தது. வளைவில் வண்டி கொழகொழவென்று ஆடுகிறது என்று புகார் சொல்லிக்கொண்டு வந்தார். சூட்டில் அது அப்படி இளகினால், குளிரில் கோடை டயர் எப்படி இறுகும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

ஹமீது பாய்க்கு இதை நான் விளக்கி முடிப்பதற்குள் அவரே பிடித்துக்கொண்டார். “நெய்ய ஃபிரிஜ்ஜுல வச்சா கல்லாயிடும். எண்ணெய் அப்படியே இருக்கும். அதானே?” என்றார். அதேதான். கோடை டயர் நெய், பனிக்கால டயர் எண்ணெய். அன்றிலிருந்து நானும் வாடிக்கையாளர்களுக்கு நெய்யை வைத்துத்தான் சொல்லி வந்தேன்.

அடுத்தது வாசலில் கிடந்த பழைய டயர்கள். நஸ்ரின் கைப்பேசியை அருகே கொண்டுபோனாள். மலைப் படத்துக்குள் பனிப்பூ போட்ட குறி இருந்தது, அதனால் அசல் பனிக்கால டயர்தான். பள்ளங்கள் ஆழமாக, கறுப்பாகப் பளபளவென்று இருந்தன. “புதுசு மாதிரில இருக்கு,” என்றார் பாய். டயரின் பக்கவாட்டில், அதைத் தயாரித்த வாரத்தையும் வருடத்தையும் காட்டும் நான்கு எண்களைத் தேடிப் படிக்கச் சொன்னேன். கையுறையால் துடைத்துப் படித்தாள்.

“நஸ்ரின், நீ ஸ்கூல்ல அஞ்சாம் பாரம் படிக்கிறப்போ செஞ்ச ரப்பர்மா அது,” என்றேன். “நகத்தால அழுத்திப் பாரு.”

அழுத்தினாள். நகம் இறங்கவே இல்லை என்றாள். பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும், இளக்கம் போன பனிக்கால டயரால் பயன் இல்லை. அதையும் தள்ளினோம்.

பின்னால் மட்டும் இரண்டு என்ற யோசனைக்கு நான் பனியைத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பத்து காஜா ஊருக்குப் போகும் சாலையில் மழையில் போன ஒரு கார் நினைவில் இருந்தது. பின்னால் நல்ல டயர், முன்னால் வழுக்கை. பின்சக்கரம் ஜோராகத் தள்ளியது, முன்சக்கரம் திரும்பவில்லை. வளைவில் வண்டி நேராகப் போய்ச் சாலையோரக் கால்வாயில் இறங்கிவிட்டது. ஓட்டியவர் எழுந்து நடந்து வந்தது அவருடைய அதிர்ஷ்டம். முன்னால் மட்டும் நல்ல டயர் போட்டால் பின்பக்கம் சுற்றிக்கொண்டு வரும். நான்கும் ஒரே மாதிரி பிடிக்க வேண்டும். புதிதாக, நான்கு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் அடுத்த விஷயத்தில் நான் சறுக்கப் பார்த்தேன். இப்போது இருக்கிற அதே அகலத்தில் வாங்கு என்றேன். ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒடுங்கிய டயர் போடுவதா என்று என் கை பழகிய பழக்கம் பேசியது. நஸ்ரின் தயங்கினாள். அந்த ஊர் டயர் கடைக்காரர் வேறு மாதிரி சொன்னார் என்றாள். காருடன் வந்த கையேட்டிலேயே பனிக்காலத்துக்கு ஒரு சுற்று ஒடுங்கிய அளவு கொடுத்திருக்கிறார்களாம். ஒடுங்கிய டயர் பனியை அழுத்திக்கொண்டு கீழே இருக்கும் தரையைத் தொடும், அகலமானது பனிமேல் மிதக்கும் என்று அவர் சொன்னாராம். “பாக்க நல்லா இருக்காதுன்னு நான்தான் வேணாம்னுட்டேன் ஆன்ட்டி.”

ஒரு கணம் எனக்கு உறுத்தியது. ஹமீது பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்த மனிதர் ஒவ்வொரு வருடமும் அதே சாலையில் வண்டி ஓட்டுகிறவர். சொன்ன காரணத்திலும் ஓட்டை இல்லை. “அவரு சொல்றதக் கேளும்மா. அங்க வண்டி பாக்குற பொமென் அவருதான், நான் இல்ல,” என்றேன். கையேட்டில் இருக்கிற அளவா, எடை தாங்கும் எண் சரியா என்று மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். நம் வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்வதற்கு வாடிக்கையாளர் முன்னால் கூச்சமாகத்தான் இருக்கும். கூச்சத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஒடுங்கிய டயர் அந்தச் சக்கரத்தில் உட்காருமா, வேறு சக்கரம் வேண்டுமா என்று பார்ப்பதற்காக, காரின் நான்கு சக்கரத்தையும் சுற்றிக் காட்டச் சொன்னேன். மூன்றைக் காட்டினாள். நான்காவதில், பின்னால் இடது பக்கம், கேமராவைச் சட்டென்று நகர்த்தினாள். மறுபடி காட்டச் சொன்னேன்.

ரிம்மின் ஓரத்தில் ஓர் இடம் உள்பக்கமாக மடங்கியிருந்தது. காரை நிறுத்தும்போது நடைபாதைக் கல்லில் உரசினால் ரிம்மில் வட்டமாக, மெல்லிய கீறல்தான் விழும். ஒரே இடத்தில் மடங்கினால் வண்டி பக்கவாட்டில் போய் மோதியிருக்கிறது என்று அர்த்தம். அதுவும் புதுக்காயம், வெள்ளையாக மின்னியது.

பாய் அதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அவருக்கு விளங்கியிருக்காது. மகள் என் கண்ணைப் பார்த்தாள். எனக்கு விளங்கிவிட்டது என்று அவளுக்கும் விளங்கிவிட்டது.

இத்தனை வருட வேலையில் நான் அவ்வளவு வேகமாக யோசித்த சந்தர்ப்பங்கள் குறைவு. சொன்னால் அவள் நம்பிக்கையைக் கெடுத்தவளாவேன். சொல்லாமல் விட்டால், மடங்கிய ரிம்மில் புது டயரை மாட்டு என்று வாய் திறந்து சொன்னவளாவேன். பக்கத்தில் அப்பா, எதிரில் மகள், இருவருமே என்னை நம்பிக்கொண்டிருந்தார்கள்.

“பாய், தொண்ட காயுது. ரெண்டு தே தாரிக் கட்டி எடுத்துட்டு வாங்களேன்,” என்றேன். அவர் கடை எதிர் வரிசையில்தான். மழையைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே குடையை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் சாலையைத் தாண்டும் வரை காத்திருந்து கேட்டேன். போன வாரம் நடந்தது என்றாள். விடிவதற்கு முன், இரவு மழை உறைந்து கிடந்த அந்தச் சரிவில் இறங்கியபோது, வளைவில் பின்பக்கம் சுற்றிவிட்டது. கார் முழுதாகத் திரும்பிப் பாலத்தின் முகப்பில் இருந்த கல்லில் மோதி நின்றது. எதிரே வண்டி எதுவும் வரவில்லை. இறங்கி ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். பிறகு காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

“அத்தாகிட்ட சொல்லிடாதீங்க ஆன்ட்டி. உடனே பொறப்பட்டு வந்துடுன்னு சொல்லிடுவாரு.”

“நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும்,” என்றேன். “அந்த ரிம்ம மாத்தணும். அதுக்குப் பின்னால இருக்குற கம்பி எல்லாம் வளைஞ்சிருக்கான்னு பாக்கணும். அது தெரியாம நான் எந்த டயரும் சொல்ல மாட்டேன். அவரு என்ன நம்பிக் கேக்குறாரு, நஸ்ரின். பாதிய மறச்சு வச்சிக்கிட்டு என்னால பதில் சொல்ல முடியாது.”

அவள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தாள். பாய் நனைந்த தோளோடு இரண்டு பொட்டலம் தேநீரைத் தொங்கவிட்டபடி வந்தார். அவர் உட்காரும் வரை பொறுத்திருந்து, “அத்தா, ஒரு விஷயம்,” என்று ஆரம்பித்தாள். நான் எழுந்து போகலாமா என்று பார்த்தேன். கைப்பேசி என் கையில் இருந்தது. அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.

முழுவதும் கேட்டுவிட்டு, “அடிபட்டுச்சா?” என்றார்.

“இல்லத்தா.”

“அப்புறம் என்ன பண்ணுன?”

“வேலைக்குப் போனேன்.”

“கார் அப்படிச் சுத்தியிருக்கு. அதுக்கப்புறமும் வேலைக்கா போன?”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். “நீங்க என்னைக்காவது கடைய மூடியிருக்கீங்களாத்தா?”

ஈப்போவில் இருப்பவர்களுக்கு அது தெரியும். ஆற்று வெள்ளம் கடைத்தெருவுக்குள் வந்த வருடம் மேசைமேல் அடுப்பை ஏற்றி வைத்துச் சோறு போட்டவர். மனைவி தவறிப்போன வாரத்திலேயே கடையைத் திறந்தவர். அன்று நானும் அங்கே சாப்பிடப் போனேன், அவரே பரிமாறினார். நஸ்ரின் கல்லாவுக்குப் பின்னால் பள்ளி உடுப்போடு உட்கார்ந்திருந்தாள். அந்த உறுதியை ஊரே புகழ்ந்தது. நானும் புகழ்ந்திருக்கிறேன்.

பாய் வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே யாரோ நட்டு இறுக்கும் இயந்திரத்தை இயக்கினார்கள், நான் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னேன். அவர் கைப்பேசியின் பக்கம் திரும்பினார்.

“நான் செஞ்சது சரின்னு உனக்கு யாரும்மா சொன்னா? வீட்டுல உக்காந்தா அவ நெனப்பு வருதுன்னு கடையத் தொறந்தேன். வேற ஒண்ணும் இல்ல.”

நஸ்ரின் அழ ஆரம்பித்தாள். திரும்பி வா என்று அவர் சொல்லவில்லை. அதைத்தான் நான் எதிர்பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். “ரோடு சரியில்லன்னா போகாத. ஃபோன் பண்ணி வர முடியலன்னு சொல்லு. ஏசுனா ஏசட்டும்,” என்றார். பிறகு என்னிடம் திரும்பி, “அந்த ரிம்முக்கு என்ன செய்யணுமோ அதையும் சொல்லிடு,” என்றார்.

சொன்னேன். பனிக்காலத்துக்கென்று தனியாக நான்கு இரும்புச் சக்கரம், கையேட்டில் இருக்கும் ஒடுங்கிய அளவில் நான்கு புது டயர். அதற்கு முன் பின்பக்க அச்சை அந்த ஊர்க் கடைக்காரர் பார்க்க வேண்டும். எந்தப் பெயர் டயர் என்பதை அவரிடமே விட்டுவிடச் சொன்னேன். தன் மகளுக்கு என்றால் எதை மாட்டுவார் என்று அவரிடம் கேள், அதையே வாங்கு என்றேன். இரண்டு நாள் கழித்துச் செய்தி வந்தது. பின்னால் ஒரு கம்பி வளைந்துதான் இருந்ததாம். மாற்றிவிட்டார். அவருக்கு உண்மையாகவே ஒரு மகள் இருக்கிறாளாம். அவள் காரில் மாட்டியிருப்பதையே நஸ்ரினுக்கும் மாட்டிக் கொடுத்தார்.

இந்தக் கதையை நான் சொல்லும்போது, “அப்போ நீங்க என்னதான் தேர்ந்தெடுத்தீங்க?” என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். மூன்றைத் தள்ளினேன், ஒன்றை இன்னொருவரிடம் விட்டேன். ஆனால் டயரின் பள்ளத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த ரிம் என் கண்ணில் பட்டிருக்காது. உங்களிடம் வரும் வண்டி எதுவானாலும் அதை ஒருவர் ஓட்டப் போகிறார். அவர் எந்த வழியாகப் போகிறார், எதற்குப் பயப்படுகிறார், எதற்காகப் பயத்தை மறைக்கிறார் என்பது தெரியாமல் சொல்லும் டயர் வெறும் விற்பனைதான். விற்பனை தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கும் அதுதான் சோறு போட்டது.

பனி வந்தது, கொஞ்சம் தாமதமாக. அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரக் கூட்டம் முடிவதற்கு முன்பே ஹமீது பாய் எங்கள் கடைக்கு வந்துவிட்டார். தோளில் துண்டு அப்படியே கிடந்தது. கைப்பேசியில் ஒரு படம். விடியாத இருட்டில் விளக்கு எரியும் சின்னக் கல் வீடு, வாசலில் ஒரு வெள்ளை மேடு. அதுதான் கார் என்று அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது, கண்ணாடி ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு எட்டிப் பார்த்தது. காலையில் எழுந்து சாலையைப் பார்த்துவிட்டு, வர முடியாது என்று மேற்பார்வையாளர் அம்மாளுக்கு ஃபோன் செய்திருக்கிறாள். யாரும் ஏசவில்லை. உப்பு போடும் லோரி வந்து போகும் வரை அந்தச் சரிவில் இருக்கிற யாருமே இறங்க மாட்டார்கள், மெதுவாக வா என்று அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார்.

நான் படத்தைப் பெரிதாக்கிச் சக்கரம் தெரிகிறதா என்று தேடினேன். தொழில் புத்தி.

“டயரு எப்படி இருக்காம் பாய்? நல்லா பிடிக்குதா?”

“யாருக்குத் தெரியும்?” என்றார். “வண்டிய எடுக்கவே இல்லியே.”

அதைச் சொல்லிவிட்டு ஹமீது பாய் சிரித்த சிரிப்பில், உள்ளே வண்டிக்கு அடியில் படுத்திருந்தவர்கள்கூட என்னவென்று தலையை நீட்டிப் பார்த்தார்கள்.